பூனை வழியாக ஒரு ஸொரி

கல்லடிப் பாலத்தின் நடுவில் நின்று சாலிஹ் ஒரு தீர்மானம் எடுத்தார். இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது. வீட்டுக்குப் போய், படலையைத் திறந்து, குசினி வாசலில் நின்று, பெண்சாதி கைறுன்னிஸாவின் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவது. வருகிறது வரட்டும்.

பாலத்துக்குக் கீழே வாவி மூச்சுக் காட்டாமல் கிடந்தது. அதுவும் கைறுன்னிஸாவின் பக்கம் சேர்ந்துவிட்டதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். கொஞ்சக் காலமாக அவரோடு பேசாமல் இருந்தவர்கள் எல்லோரும் கைறுன்னிஸாவின் பக்கத்து ஆட்கள்தான்.

சாலிஹ் பட்டணத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் பியோன். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் படம், படத்துக்குக் கீழே உட்கார ஒரு வாங்கு, வாங்கிலே சாலிஹ். காக்கிக் கோட்டு, பித்தளைப் பொத்தான், குறுக்கே ஒரு சிவப்புப் பட்டி. அவரைத் தாண்டாமல் ஈயும் துரையிடம் போக முடியாது. ஆனால் பாலத்தைக் கடந்து காத்தான்குடிக்குள் காலை வைத்தால் கோட்டும் செல்லாது, பொத்தானும் செல்லாது. அங்கே அவருக்குப் பெயர் 'கைறுன்னிஸாட மாப்புள்ள'. தாடி பாதி நரைத்த பிறகும் மாப்புள்ளதான்.

ஊர் வழக்கம் அப்படி. வீடு பெண்ணுக்கு. ஆண் அந்த வீட்டுக்குப் போய்ச் சேருகிறவன். வளவு கைறுன்னிஸாவின் வளவு. கிணறு அவளுடைய கிணறு. வலப்பக்கத்து வீட்டில் தங்கச்சி, இடப்பக்கத்து வீட்டில் பெரியும்மாவின் மகள் ஹவ்வா உம்மா, எதிர்வீட்டில் மாமி ஒருத்தி. ஒழுங்கை முழுக்க அவளுடைய சொந்தம். ஏறாவூரிலிருந்து மாப்பிள்ளையாக வந்த நாளில் சாலிஹ் தன்னுடையது என்று கொண்டுவந்தது ஒரேயொரு சாய்மனைக் கதிரை. அவருடைய உம்மா கொடுத்துவிட்டது.

"மகன், நீ போறது மத்த ஆக்கள்ட வீட்டுக்கு. ஒன்ட எண்டு சொல்லி இரிக்கிறதுக்கு ஒரு எடம் வேணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். உம்மா மௌத்தாகிக் கன காலம். கதிரை மட்டும் விறாந்தையில் இருந்தது. கந்தோரால் வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அதில் சாய்ந்த பிறகுதான் சாலிஹுக்கு உடம்பு தன்னுடைய உடம்பாகும்.

இனி அவர் செய்த குற்றத்துக்கு வருவோம்.

மூத்த மகன் மருதமுனைக்கு மாப்பிள்ளையாகப் போய்விட்டான். இளையவன் ஓட்டமாவடியில் ஒரு கடையில் நிற்கிறான்; பெருநாள் கழிய அங்கேயே கல்யாணம். ஆண்பிள்ளைகளை மட்டும் பெற்ற தாய்க்கு அந்த ஊரில் கடைசியாக மிஞ்சுவது புருசன் ஒருவன். அது ஒரு மிச்சமா என்று கைறுன்னிஸா நினைத்தாளோ என்னவோ, இளையவன் கொண்டுபோவதற்கென்று ஒரு பன்பாய் இழைத்தாள். வாவிக்கரையில் பன்புல் வெட்டுவித்து, காயவைத்து, உலக்கையால் தட்டி, சிவப்பும் பச்சையும் ஊதாவும் சாயம் காய்ச்சித் தோய்த்து, நெளிநெளியாய் ஒரு கரை போட்டு இழைத்தாள். அவள் இழைக்கும் பாயை ஊரே தேடி வந்து வாங்கும். இந்தப் பாயை மட்டும் அவள் யாருக்கும் காட்டவில்லை. சுருட்டி, துணி சுற்றி, கூரை வளையில் ஏற்றி வைத்திருந்தாள்.

இதெல்லாம் சாலிஹுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், தன்னுடைய வங்களாவுக்குக் காத்தான்குடிப் பாய் ஒன்று வேண்டும் என்று துரை கிளாக்கரிடம் சொல்ல, கிளாக்கர் சாலிஹைத் திரும்பிப் பார்க்க, சாலிஹுக்குத் தலைகால் தெரியாமல் போய்விட்டது. கைறுன்னிஸா தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்கு ஆசுபத்திரிக்குப் போன சமயம் பார்த்து, வளையில் இருந்த பாய் இறங்கி வங்களாவுக்கு ஏறியது.

"பாய் எங்க?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"எலி அரிச்சிப்போட்டு புள்ள. நீ பார்த்தா மனம் பேதலிச்சிப் போவாய் எண்டு எரிச்சிட்டன்."

அவள் அழுதாள். எலிப்பொறி வாங்கி வைத்தாள். பொறியில் எலி விழவில்லை. விழுந்தது சாலிஹ்தான், அதற்குக் கொஞ்ச நாள் எடுத்தது. ஹவ்வா உம்மா வங்களாக் குசினிக்கு முட்டை கொடுக்கிறவள். ஒரு நாள் வெறுங்கூடையோடு வந்தவள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"தங்கச்சி, ஒன்ட பாயப்போல ஒரு பாய் வங்களாவில கிடக்குகா."

"என்ட பாயத்தான் எலி திண்டுட்டே ராத்தா."

"எலியில்லகா, நாய். துரைட நாய் அதுல படுத்துக் கிடக்கு. ஊதாவும் பச்சையும். நெளிக்கரை."

கைறுன்னிஸா சத்தம் போட்டிருந்தால் சாலிஹ் பிழைத்திருப்பார். அவள் சத்தம் போடவில்லை. வாயை மூடிக்கொண்டாள். சோறு நேரத்துக்கு வந்தது. மீன் ஆணத்தில் உப்பும் புளியும் சரியாக இருந்தன. அதுதான் சாலிஹுக்குப் பெரிய பயமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவள் பூனையிடம் சொன்னாள்.

"பூனை, சோறு வச்சிரிக்கி."

"நான் போய்ப் பாயத் திருப்பி வாங்கிட்டு வாறன் புள்ள" என்றார் சாலிஹ்.

"பூனை, நாய் படுத்த பாய ஏழு தரம் கழுவணும். அதுல ஒரு தரம் மண்போட்டுக் கழுவணும். கழுவினாச் சாயம் நிக்குமா எண்டு கேளு."

பூனை சாலிஹைப் பார்த்தது. அதற்கும் மனவருத்தம் போலத்தான் இருந்தது.

அவள் வாயை மூடியதும் வலப்பக்கத்து வீடு மூடியது. இடப்பக்கம் மூடியது. எதிர்வீட்டு மாமி அவரைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். சொந்த ஊர் என்றால் வேலியில் சாய்ந்து ஒரு வார்த்தை பேச அண்ணன் தம்பி இருப்பான். இங்கே எல்லாம் அவளுடைய ஆட்கள். ஏறாவூருக்குப் போனாலும், உம்மாவின் வீடு இப்போது அவருடைய தங்கச்சியின் வீடு. அங்கே இன்னொரு மாப்பிள்ளை இருக்கிறான். சாலிஹ் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டு ஒழுங்கையைப் பார்த்தார். கந்தோரில் வேலை முடிந்த பிறகும் எழுந்து போகாமல் வாங்கிலே இருந்தார். யாராவது யாரையாவது ஏசும் சத்தம் கேட்டாலே ஆறுதலாக இருந்தது. பிள்ளைகள் போன வீட்டில் மிஞ்சியிருந்த ஒரு குரலும் நின்றுபோனால் அது எவ்வளவு பெரிய வீடாகிவிடுகிறது என்று அவருக்குத் தெரியவந்தது. அந்த வெறுமையை அவரால் தாங்க முடியவில்லை.

பிழையை ஒத்துக்கொண்டு மாப்புக் கேட்கலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கலாம்தான். ஆனால் அந்த ஊரில் ஓர் ஆம்பிளை வீட்டு ஆட்களைப் பார்த்து 'என்னை மன்னிச்சிக்கங்க' என்று சொன்னால் இரண்டே அர்த்தம்தான். ஒன்று அவன் மக்கத்துக்குக் கப்பலேறப் போகிறான். இல்லாவிட்டால் கண்ணை மூடப் போகிறான். சாலிஹ் அப்படிச் சொல்லியிருந்தால், அவர் வாயை மூட முந்தி யாராவது ஓடிப்போய் யாசீன் ஓத லெப்பையைக் கூட்டி வந்திருப்பார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் துரை அவருடைய காலை மிதித்தார்.

அன்றைக்குத் துரை அவசரமாக அறையை விட்டு வெளியே வந்தார். சப்பாத்துக் கால் சாலிஹின் சுண்டுவிரலில் ஏறியது. சாலிஹ் "யா அல்லாஹ்" என்றார். துரை நின்று, அவருடைய முகத்தைப் பார்த்து, "ஸொரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாலிஹ் நொண்டிக்கொண்டு கிளாக்கர் வினாயகமூர்த்தியின் மேசைக்குப் போனார்.

"ஐயா, துரை என்னமோ சொல்லி ஏசிட்டுப் போறார்."

"ஏசல்ல காக்கா. ஸொரி எண்டவர். 'பிழை செய்துபோட்டன், மனவருத்தமா இரிக்கி' எண்டு கருத்து."

"துரையா? எனக்கா?"

"ஓம். அவங்கள் ஆருக்கும் சொல்லுவாங்கள். பொஞ்சாதிக்கும் சொல்லுவாங்கள்."

"சொன்னாப் பொறகு?"

"நீங்க 'ஓல்றைட்' எண்டு சொல்லணும்."

"அதுக்குப் பொறகு?"

"அதுக்குப் பொறகு ஒண்டுமில்ல. முடிஞ்சிது."

"கால் நோகுதே ஐயா."

"கால் நோகும். கதை முடிஞ்சிது. ஓல்றைட் சொன்ன விசயத்தத் திரும்ப எடுத்துக் கதைச்சா அவங்கள்ட மரியாதைக்குச் சரிவராது."

சாலிஹ் சுவரில் இருந்த மன்னரின் படத்தை அண்ணாந்து பார்த்தார். இப்படி ஒரு சொல் கையில் இருந்தால் யார்தான் ஊர் ஊராகப் பிடிக்க மாட்டார்கள்! மிதிக்கலாம், எடுக்கலாம், எரிக்கலாம். கடைசியில் ஒரு ஸொரி. இவ்வளவு பெரிய சாமானை இவ்வளவு காலமும் கந்தோருக்குள்ளேயே வைத்திருந்துவிட்டார்களே என்று அவருக்கு ஆத்திரமாகவும் வந்தது.

"ஐயா, அதச் சொல்றதுக்கு நேரங்காலம் இரிக்கா?"

"மத்த ஆள் வாயத் துறக்க முந்திச் சொல்லிப்போடணும். அவர் துவங்கின பொறகு சொன்னாப் பெலன் இல்ல."

இதுதான் பாலத்தில் நின்று எடுத்த தீர்மானம்.

குசினி வாசலில் நின்றபோது பாலத்தில் இருந்த தைரியம் பாலத்திலேயே நின்றுவிட்டது. கைறுன்னிஸா அடுப்படியில் இருந்தாள். பூனை அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. சாலிஹ் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.

"ஸொரி" என்றார்.

அகப்பை நின்றது. கைறுன்னிஸா பூனையைப் பார்த்தாள்.

"பூனை, என்னவாம்? தொண்டையில முள்ளாமா?"

"முள்ளில்ல. இங்கிலீசு."

"இங்கிலீசு கந்தோருக்குள்ளதானே கிடந்தது பூனை. அத இஞ்ச ஆரு கொண்டாரச் சொன்னதாம்?"

சாலிஹும் வேறு வழியில்லாமல் பூனையைப் பார்த்தார். "பூனை, அது மரியாதையான சொல்லு எண்டு சொல்லு. துரைமாரு பிழை செய்தாச் சொல்றது."

"என்ன பிழையாம்?"

"பாய்."

"அப்ப எலியும் இதத்தான் சொல்லுமாமா?"

 கிளாக்கர் எலியைப் பற்றி ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"எலி இல்ல. நான்தான்" என்றார். அது மட்டும் தானாக வந்தது.

கைறுன்னிஸா அடுப்பில் இருந்து ஒரு கொள்ளியை இழுத்தாள். நெருப்புத் தணிந்தது. பூனையைத் தூக்கி மடியில் வைத்து, முதுகைத் தடவிக்கொண்டு யோசித்தாள்.

"பூனை, இந்தச் சொல்லச் சொன்னா மத்த ஆள் என்ன செய்யணுமாம்?"

"ஓல்றைட் எண்டு சொல்லணும்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி மரியாதை தெரியாத ஆள்."

"சொன்னாப் பொறகு அதப்பத்திக் கதைக்கப்படாதாமா?"

"கதைக்கவேபடாது! கதைச்சா அதைவிட மரியாதைக் கேடு ஒண்டுமில்ல." சாலிஹுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "மத்த ஆள் வாயத் துறக்க முந்தியே சொல்லிப்போடணும். அப்பத்தான் பெலன்."

"ஆம்புளையள்தான் சொல்றதாமா? பொம்புளையளும் சொல்லலாமா?"

"ஆரும் ஆருக்கும் சொல்லலாம்! துரைசாணி துரைக்குச் சொல்லுவாவே!"

"அப்பிடியா" என்றாள் கைறுன்னிஸா. பூனையை இறக்கிவிட்டாள். எழுந்தாள். நேரே அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"ஓல்றைட்" என்றாள்.

சாலிஹுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் தன்னைப் பார்த்துச் சொன்ன சொல்! இங்கிலீசாக இருந்தால் என்ன, எதுவாக இருந்தால் என்ன! அன்றைக்குச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தபோது அவருக்குத் தானும் ஒரு சின்னத் துரை என்று தோன்றியது.

ஆனால் அடுத்த நாளும் வீடு அப்படியேதான் இருந்தது. பூனை மட்டும் வேலையிலிருந்து நின்றுவிட்டது. "சோறு" என்றாள். "தண்ணி" என்றாள். "படலைய சாத்துங்க" என்றாள். அவ்வளவுதான். பாயைப் பற்றி ஒரு பேச்சில்லை. ஏச்சு வரும், பாதியில் அழுகை வரும், பிறகு ஒரு தேத்தண்ணி வரும் என்று அவர் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அந்தச் சொல் கதையை முடித்துவிட்டது. ஏச்சையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. ஏச்சு வாங்காத பிழை மனதில் கிடந்து அறுத்தது. இவ்வளவு வேகமாக வேலை செய்கிற சொல்லை வைத்துக்கொண்டு இந்தத் துரைமார் வீட்டில் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ என்று அவர்கள் மேலே அவருக்கு இரக்கம் பிறந்தது. 'ஒருக்கா ஏசன் புள்ள' என்று கேட்கப் பல தடவை எழும்பினார். கேட்க வெட்கமாக இருந்தது. திரும்பவும் சாய்ந்துகொண்டார்.

ஒரு நாள் பின்னேரம் கந்தோரால் வந்தவர் கோட்டைக் கழற்றி மாட்டினார். சாயப் போனார். சாய்ந்திருந்தால் விழுந்திருப்பார். கதிரை இல்லை.

விறாந்தையைச் சுற்றிப் பார்த்தார். கிணற்றடியில் பார்த்தார். வேலிக்கு மேலால் ஹவ்வா உம்மாவின் தலை தெரிந்தது. அவள் அவரோடு பேசிக் கன நாள்.

"என்ன தேடுறீங்க மச்சான்?"

"என்ட சாய்மனைக் கதிரை."

"ஒங்கட கதிரையப்போல ஒரு கதிரை ஒஸ்தாட சவரக்கடையில கிடக்கு மச்சான். பள்ளி மோதினார் தலை வழிச்சிக்கிட்டுச் சாஞ்சிரிக்கார். கடைக்காரன் சொல்றான், நல்ல சொகமான கதிரையாம்."

சாலிஹுக்குத் தலை கொதித்தது. ஊரில் உள்ள தலையெல்லாம் வந்து சாய அவருடைய உம்மாவின் கதிரையா? அவருடைய தலைக்குக்கூட இனி அங்கே போய்க் காவல் இருந்து, முறை வந்த பிறகுதானா சாய வேண்டும்? இந்த வளவில் தன்னுடையது என்று சொல்ல இருந்த ஒன்றும் போய்விட்டதா? விடக்கூடாது. இன்றைக்கு ஒழுங்கை அதிர வேண்டும். குசினி வாசலுக்கு நடந்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

கைறுன்னிஸா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஸொரி" என்றாள்.

இழுத்த மூச்சு அப்படியே நின்றது. அவரை விடத் துப்புரவாக, துரை சொன்னதைப் போலவே சொன்னாள். அவர் வாயைத் திறக்க ஓர் இமைப்பொழுது முந்திச் சொன்னாள். வலப்பக்கத்து வேலியில் தங்கச்சியின் தலை. இடப்பக்கத்தில் ஹவ்வா உம்மா. எதிரே மாமியின் முக்காடு. மாப்புள்ளைக்கு மரியாதை தெரியுமா என்று பார்க்க ஒழுங்கையே வந்து நின்றது.

"அது என்ட உம்மா தந்த கதிரை புள்ள" என்றார் சாலிஹ். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"தெரியும்" என்றாள் கைறுன்னிஸா. "அந்தப் பாயும் ஒரு உம்மா குடுக்க இருந்ததுதான்."

 ஏறாவூர் வாசலில் கதிரையைத் தூக்கித் தன் தலையில் ஏற்றிவிட்ட இரண்டு கைகள் அவருடைய ஞாபகத்துக்கு வந்தன. பிறகு வளையில் துணி சுற்றி இருந்த பாய் ஞாபகத்துக்கு வந்தது. தான் என்ன எடுத்துக்கொண்டு போய் நாய்க்கு விரித்தோம் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வெட்கத்தில் தலை தானாகக் குனிந்தது.

"மரியாதை தெரிஞ்ச ஆள் இப்ப என்ன சொல்லணும்?" என்று கேட்டாள்.

"ஓல்றைட்" என்றார்.

வேலிகளில் இருந்த தலைகள் இறங்கின. மாமி மட்டும் போகும்போது, "மாப்புள்ளைக்கி நல்லாத்தான் இங்கிலீசு தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன நிக்கிறீங்க? இரிங்க" என்றாள் கைறுன்னிஸா.

"எதுல?"

"கீழதான். வேற எதுல? அந்தப் பன்கட்ட அவுத்து உலக்கையால தட்டுங்க. கலியாணத்துக்கு முந்தி இன்னொரு பாய் முடிக்கணும். எலி எண்டா எலி! எந்த எலிகா பாயோட சேத்துச் சுத்தியிருந்த துணியையும் திண்டது? நானும் ஒரு முட்டாள், பொறி வாங்கி வச்சன். துரை கேட்டா ஒங்களுக்குத் தலை கிறுகிறுத்துப் போகுமா? அந்த நாளையில எங்கட வாப்பா சொன்னவர், ஏறாவூர் மாப்புள்ள வேணா, வேணா எண்டு..."

ஏச்சு வந்துவிட்டது. பாயில் தொடங்கி, எலிக்குப் போய், கல்யாணத்துக்குப் போய், மூத்தவன் பிறந்த அன்றைக்குச் சாலிஹ் ஆட்டுச் சந்தையில் நின்றதற்குப் போய், திரும்பவும் பாய்க்கு வந்தது. சாலிஹ் மண்ணில் சம்மணம் கொட்டிக்கொண்டு பன்னைத் தட்டினார். மெதுவாகத் தட்டினார். உலக்கைச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் தவறிவிடக்கூடாது என்று பயம். இவ்வளவு சந்தோசமாக அவர் கந்தோரில்கூட இருந்ததில்லை. நடுவில் தேத்தண்ணி வந்தது. சீனி கொஞ்சம் கூடவே இருந்தது.

பெருநாளுக்கு முந்தி அப்படியே அவர் தட்ட, அவள் இழைத்தாள். கரை போடும்போது நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பது சாலிஹின் வேலை. பிசகினால் ஏச்சு. பிசகாத நாளில் சாலிஹ் வேண்டுமென்றே கொஞ்சம் பிசகினார். கல்யாணத்தன்று இளையவன் பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு ஓட்டமாவடிக்குப் போனான். கூடப்போய்ச் சேர்த்துவிட்டு இருவரும் திரும்பி வந்தார்கள். வீட்டில் இரண்டு பேரும் பூனையும்.

கைறுன்னிஸா குசினி வாசலில் குந்தினாள். சாலிஹுக்கு இடுப்பு வலித்தது. விறாந்தையில் கதிரை இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பாயும் போய்ச் சேர்ந்தது, பழைய கதையெல்லாம் ஏசியும் முடிந்தது, இனிக் கேட்டால் என்ன என்று தோன்றியது.

"இஞ்சேரு புள்ள" என்று மெல்லத் தொடங்கினார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதுதானே. அந்த ஒஸ்தாட்டப் போய்க் கேட்டு, என்ட கதிரைய..."

கைறுன்னிஸா அவரைப் பார்க்கவில்லை. கழுத்தை மெல்லத் திருப்பிப் பூனையைப் பார்த்தாள். 

"பூனை, ஓல்றைட் சொன்ன விசயத்தத் திரும்பக் கதைக்கிறது மரியாதைக் கேடு எண்டு இந்த வீட்டுல ஒரு ஆள் சொன்னாரே. அது ஆரு?"

"நான்தான்" என்றார் சாலிஹ், பூனையைப் பார்த்து.